கடைசிப் பந்தி

என் மகன் சாமி இல்லை. இதை எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயால் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. ஆட்டிசம். எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டான். நிற்கும்போது முன்னும் பின்னுமாக மெதுவாக ஆடுவான். கத்தியோ மெஷினோ தாடையில் பட்டால் துடித்துப்போவான் என்பதால், அவன் நல்லபடியாக இருக்கும் நாளாகப் பார்த்து அவன் அம்மா கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்துவிடுவாள். அப்படி ஒரு நாள் வாய்க்காத மாதங்களில் தாடி நெஞ்சுவரை இறங்கிவிடும். சட்டைக் காலர் கழுத்தில் உரசக் கூடாது. ஆகவே வேட்டியும் தொளதொள பனியனும்தான். வேறு ஊர்ச் சாலையில் இப்படி ஒருவன் நின்றால் என்ன நினைப்பார்களோ எனக்குத் தெரியாது. நாங்கள் இருப்பது ஆயக்குடியில். பழனிக்கு நடந்து போகிறவர்களின் சாலை எங்கள் தெருமுனையில்தான் போகிறது. சித்தர்கள் இன்னும் இந்தப் பக்கத்தில் நடமாடுகிறார்கள் என்று நம்பி வருகிற கூட்டம் அது. தாடியும் வேட்டியுமாக ஆடிக்கொண்டே முணுமுணுக்கும் ஒருவனைப் பார்த்ததும் அவர்கள் யோசிக்கவே இல்லை. காலில் விழுந்துவிட்டார்கள்.

முணுமுணுப்பு என்ன என்று எனக்குத் தெரியும். நான் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ் ஓட்டியவன். இவன் சிறுவனாக இருந்தபோது கொடைக்கானலில் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. எனக்கு டியூட்டி உள்ள நாட்களில் வெள்ளனே முதல் ட்ரிப்பில் என் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். சாயங்காலம் இறங்கும்போது கூட்டிவருவேன். மற்ற பிள்ளைகள் பாட்டு மனப்பாடம் செய்த வயதில் இவன் கண்டக்டரை மனப்பாடம் செய்தான். "தேக்கந்தோட்டம் இறங்குறவங்க முன்னாடி வாங்க. சவரிக்காடு. வளைவு வருது, கம்பியைப் பிடிச்சுக்கோங்க. போலாம் ரைட்." இன்றைக்கும் சாலையில் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பெருமாள்மலை வரை ஒரு ட்ரிப் அடித்துவிடுவான்.

பதினெட்டு முடிந்ததும் பள்ளியும் முடிந்தது. அதற்குமேல் என்ன என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் இல்லை. இது குழந்தைகளுக்கு மட்டும் வருவது, மீசை முளைத்தால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போல. நானும் போகாத இடமில்லை. தையல் கடை, அட்டைப்பெட்டிக் கம்பெனி, நர்சரி என்று எங்கேயும் கையைப் பிசைந்தார்களே தவிர கதவைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் இந்தச் சாமி வேஷம் தானாக வந்து சேர்ந்தது. ஒரு தை மாதம், காவடி தூக்கி வந்த ஒருவர் இவன் முன்னால் நின்று கைகூப்பினார். இவன் தன் போக்கில், "வளைவு வருது, கம்பியைப் பிடிச்சுக்கோங்க" என்றான். அந்த மனிதர் அப்படியே உருகிவிட்டார். "வாழ்க்கையில வளைவு வருதாம். முருகனோட வேலைப் பிடிச்சுக்கணுமாம்" என்று கூட வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லி, சாலையிலேயே விழுந்து கும்பிட்டார். நான் ஓடிப்போய், "அது கொடைக்கானல் பஸ்ஸுங்க" என்றேன். என்னை ஏதோ நாத்திகனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதலில் நானும் சிரித்தேன். ஊருக்குள் சொல்லியும் சிரித்தேன். ஆனால் வெளியூர்க்காரர்களிடம் ஆரம்பித்தது எங்கள் தெருவுக்கும் தொற்றிவிட்டது. வண்டியில் போகிறவர்கள் இவனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் இவன் காலடியில் வைத்து எடுத்தார்கள். கல்யாணத்துக்கு மட்டும் கூப்பிடவில்லை. "கூட்டத்துல சாமிக்குச் சங்கடமா இருக்கும்ல?" என்றார்கள். என் மனைவி சின்ன வயதிலிருந்து அவனை "என் சாமி" என்றுதான் கொஞ்சுவாள். இந்த வீட்டுக்குள் இனி அந்த வார்த்தையே வரக் கூடாது என்று அவளிடம் கத்திவிட்டேன். பாவம், அவள் சொன்ன சாமி வேறு.

கொடைக்கானல் பள்ளியில் அவனுக்குப் பாடம் சொன்ன மிஸ்ஸிடம் போனில் புலம்பினேன். அந்த அம்மா சொன்னது இது: "சார், பாவம்னு சொல்றவங்களை ஈஸியா ஹேண்டில் பண்ணிரலாம். தெய்வக் குழந்தைன்னு சொல்றவங்கதான் டிஃபிகல்ட். அவங்ககிட்ட கோவப்படவே முடியாது."

"எனக்கு முடியும் மிஸ்" என்றேன்.

எங்கள் தெருவில் தைப்பூசத்துக்கு அன்னதானப் பந்தல் போடுவோம். நடந்து வருகிறவர்கள் பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள். பரிமாற வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது தெருவின் ஏற்பாடு. ஆள் இல்லாத வீடு ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிடும். பரிமாறியவர்கள் எல்லோரும் போன பிறகு கடைசிப் பந்தியில் உட்காருவார்கள். பார்த்தால் சாதாரண ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பந்தலில் வாளி பிடித்த கைகள்தான் வருஷம் பூராவும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். ஒருவனுக்கு நெஞ்சுவலி என்றால் வண்டி எடுப்பது, ஒரு வீட்டில் சாவு என்றால் ஓடுவது, தண்ணீர்க் குழாய் உடைந்தால் போய் நிற்பது எல்லாம் அந்தக் கூட்டம்தான். எவன் எப்படிப்பட்டவன், எவனுக்கு எப்போது கோபம் வரும், எவனுக்கு எந்த மாத்திரை ஆகாது என்று அவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியும்.

என் மகனுக்கும் பந்தலில் ஓர் இடம் உண்டு. முதல் பந்தியின் முதல் இலை. சாமி சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. அவனுக்குப் பாயசம் என்றால் உயிர். கேட்காமலே இரண்டு தரம் ஊற்றுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் விழுந்து கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த தைப்பூசம் வரை அவனோடு எவருக்கும் ஒரு சோலியும் கிடையாது.

வருஷா வருஷம் எங்கள் வீட்டு ஆளாக நான்தான் வாளி தூக்கினேன். போன வருஷம் முழங்கால் கைவிட்டுவிட்டது. கியரும் கிளட்சும் மிதித்த கால், ஓய்வுக்குப் பிறகு பழிவாங்குகிறது. இந்தத் தையில் பந்தல் பேச்சு ஆரம்பித்ததும் பந்தல் கமிட்டித் தலைவரைப் பார்க்கப் போனேன். அவர் கொய்யா மண்டி வைத்திருப்பவர். நல்ல மனிதர், எனக்கு இளையவர். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழம் தரம் பிரிப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் முடியலைன்னு கேள்விப்பட்டேண்ணே. ஒரு மூட்டை அரிசி குடுத்திருங்க, போதும்" என்றார்.

"எதுக்கு அரிசி? எங்க வீட்ல ஆள் இருக்கான். இந்த வருஷம் அவன் வருவான்."

"யாரு, தம்பியா?" அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே பயந்துவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அண்ணே, சாமிய எலைக்கு எலை குனிய வைக்கிறதா? அந்தப் பாவம் எங்க தலையிலல்ல விடியும்."

"போன மாசம் அவனுக்குப் பல்லுவலி. சோறு எறங்கல. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம தலையைச் சுவத்துல முட்டுனான். உங்க சாமிக்குப் பல்லுவலின்னு இந்தத் தெருவுல ஒருத்தருக்காவது தெரியுமா?"

அவர் ஒரு கொய்யாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் அவன் அம்மாவும் போய்ச் சேர்ந்தப்பறம் இவன் என்ன ஆவான்னு யோசிச்சீங்களா?"

"என்னண்ணே இப்பிடிப் பேசுறீங்க? சாமிக்கு யாராச்சும் சோறு போடாம விட்ருவாங்களா?"

"தைப்பூசத்துக்குப் போடுவீங்க. ஆடி மாசத்துல ஒரு செவ்வாக்கெழமை யாரு போடுவா?"

பழம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் குரலைக் குறைக்கவில்லை. இதற்குமேல் குறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்குச் சொத்து சேர்த்து வைக்கத் தெரியவில்லை. பணத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்ல அண்ணன் தம்பி இல்லை. என் மகனுக்கு நான் விட்டுப்போகக் கூடியது அவனைத் தெரிந்த நாலு மனிதர்களைத்தான். கும்பிடுகிறவர்களுக்கு அவனைத் தெரியாது. கூட நின்று வாளி தூக்குகிறவனுக்குத்தான் தெரியும். இதை அன்றைக்கு மண்டியில் இவ்வளவு கோர்வையாகச் சொன்னேனா என்பது சந்தேகம். திட்டும் கலந்துதான் வந்திருக்கும்.

"கமிட்டியில பேசிட்டுச் சொல்றேண்ணே" என்றார்.

கமிட்டி பேசுவதற்குள் நாங்கள் ஒத்திகையை ஆரம்பித்துவிட்டோம். "ஒரே வேலை கொடுங்க சார். சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க. தினமும் சேம் டைம்" என்று மிஸ் சொல்லியிருந்தார். மோர் என்று முடிவு செய்தோம். சூடு இல்லை, கொட்டினாலும் யாருக்கும் கொப்புளம் வராது. கூடத்தில் என் மனைவி பழைய செய்தித்தாள்களை இலைபோல வரிசையாக விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் வைத்தாள். முதல் டம்ளரில் அழகாக ஊற்றினான். ஊற்றிவிட்டு அங்கேயே நின்றான். அடுத்ததற்கு வா என்றால் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் உறுமினான். சில நாட்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு அவள்தான் கண்டுபிடித்தாள். "பஸ்ஸு நின்னா ஆள் எறங்குன பெறகு யாராச்சும் சொல்லணும்ல? சொல்லாம எப்பிடி வண்டி எடுப்பான்?" என்றாள். நான் "போலாம் ரைட்" என்றேன். அடுத்த டம்ளருக்குப் போய்விட்டான்.

கமிட்டிக்காரர்கள் மண்டியில் கூடியபோது கூப்பிடாமலே போய் உட்கார்ந்தேன். இரண்டு விஷயம் கேட்டேன். மோர் வரிசையில் கூட நிற்கிறவன் ஒவ்வொரு இலைக்கும் "போலாம் ரைட்" சொல்ல வேண்டும். பந்தலுக்குள் பார்த்துக் கத்தும் ரேடியோ செட் குழாயைச் சாலைப் பக்கம் திருப்ப வேண்டும், அந்தச் சத்தத்தில் அவனால் நிற்க முடியாது. முதலாவதற்குச் சிரித்தார்கள். இரண்டாவதற்குக் கொதித்தார்கள். "முருகன் பாட்டு கேக்காம என்ன அன்னதானம்?" என்றார் ஒருவர்.

"முருகனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நடந்து வர்றவங்களுக்குத்தான் கேக்கணும். அவங்க ரோட்லதான வர்றாங்க? குழாயை அங்கிட்டுத் திருப்புங்க."

இளவட்டங்களில் ஒருவன், "அதுவும் சரிதான, சோத்துப் பந்தியில ஒருத்தன் சொல்றது ஒருத்தனுக்கு விழ மாட்டேங்குது" என்றான். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார். ஒரே ஒரு பந்தி. மோர் மட்டும். ஏதாவது கோளாறு என்றால் கூட்டிவந்து முதல் இலையில் உட்காரவைத்துவிடுவது. அதற்கு நான் மறுபேச்சுப் பேசக் கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தைப்பூசத்தன்று காலையிலேயே வெயில் உறைத்தது. எல்லோரும் பந்தல் பெயர் அச்சடித்த பனியன் போட்டிருந்தார்கள். இவன் தொடவே இல்லை. இடுப்பில் மஞ்சள் துண்டை மட்டும் கட்டிவிட்டோம். நான் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பந்திக்குள் வரக் கூடாது என்று தலைவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். என் மனைவி காய்கறி நறுக்கும் பெண்களோடு இருந்தாள். ஆனால் அவள் அரிவாள்மனை அன்று ஒரு கத்தரிக்காயையும் ஒழுங்காக நறுக்கவில்லை.

சோறு போனது, சாம்பார் போனது, ரசம் போனது. பிறகு என் மகன் மோர் வாளியோடு இறங்கினான். கூட வந்தவன், கமிட்டியில் பேசிய அதே இளவட்டம், "போலாம் ரைட்" என்றான். அடுத்த இலை. "போலாம் ரைட்." உட்கார்ந்திருந்தவர்களுக்கே அது விளையாட்டாகி, அவர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பாதி வரிசை தாண்டிவிட்டான். நான் மூச்சுவிட்டேன்.

அப்போதுதான் வரிசையின் நடுவில் ஒருவர் எச்சில் கையோடு எழுந்தார். "சாமி! வளைவு சாமி!" என்று கத்தினார். அந்தக் காவடிக்காரர்தான். இலையைத் தாண்டி வந்து, என் மகனின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தார். "நீங்க சொன்ன மாதிரியே நடந்துச்சு சாமி!" என்று அழுதார். பக்கத்து இலைக்காரர்கள் எழுந்தார்கள். யாரோ ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வரிசை கலைந்துவிட்டது.

காலைப் பிடித்தால் அவனுக்கு ஆகாது. வாளி ஆட ஆரம்பித்தது. இடது கையை வாய்க்குக் கொண்டுபோய்ப் பெருவிரல் அடியைக் கடித்தான். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். வாளியை வீசுவான், அலறுவான், அவ்வளவுதான், இனி எந்தப் பந்தலும் இல்லை. நான் எழுந்தேன். முழங்கால் மடங்கித் திரும்ப ஸ்டூலில் விழுந்தேன். என் மனைவி அரிவாள்மனையை விட்டு எழுந்தவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வாசலில் அடுத்த பந்திக்குக் காத்திருந்த கூட்டம் வெயிலில் நெருக்கித் தள்ளியது. வரிசைக் கடைசியில், "மோர் எங்கங்க? மோர்!" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் வேகமாக வந்தார். முகம் கறுத்திருந்தது. போச்சு, முதல் இலைக்குத்தான் கூட்டிப்போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏலே!" என்று கத்தினார். என் மகனைப் பார்த்துத்தான் கத்தினார். "அங்க என்னலே வேடிக்கை? அம்புட்டு எலையும் காஞ்சு கெடக்கு, மோர் கேக்குறாங்கல்ல? வெரசா வாலே! போலாம் ரைட்!"

அவன் கையை வாயிலிருந்து எடுத்தான். "போலாம் ரைட்" என்று திருப்பிச் சொன்னான். பாதத்தை உருவிக்கொண்டு, கீழே கிடந்தவரைச் சுற்றி நடந்து அடுத்த இலைக்குப் போய்க் குனிந்தான்.

தலைவர் காவடிக்காரரின் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரிங்கய்யா. அது சாமி இல்ல, எங்க தெருப் பையன். சோலியா இருக்கான். மோர் வேணும்னா போயி எலையில உக்காருங்க" என்றார்.

என் மகனை வெளி ஆள் ஒருவர் அதட்டி அன்றுதான் கேட்டேன். பாவம் என்று சொன்னவர்கள் உண்டு, கும்பிட்டவர்கள் உண்டு, ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. வேலையைப் பார் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. அடுப்புப் புகை என்று சொல்லி நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சமையல்காரர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு பந்திதான் என்ற பேச்சு அப்புறம் யாருக்கும் நினைவில்லை. அடுத்த பந்திக்கும் அவனே மோர் எடுத்தான். நடுவில் ஒருமுறை வாளியை வைத்துவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் கூப்பிடப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இளவட்டம் போய், தொடாமல், தள்ளி நின்று, "போலாமா, ரைட்டா?" என்று கேட்டான். அவன் எழுந்து வந்தான். தொடக் கூடாது என்று நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த இளவட்டமே பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறான்.

சாயங்காலம் கூட்டம் வடிந்தது. பரிமாறியவர்கள் கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மகன் வழக்கப்படி முதல் இலை போடும் இடத்தில் போய் நின்றான். அங்கே இலை இல்லை. தலைவர் தன் பக்கத்தில் தரையைத் தட்டி, "இங்கிட்டு வாலே" என்றார். போய் உட்கார்ந்தான். சோறு அடிப்பிடித்த வாசனை. சாம்பாரில் காய் இல்லை, ரசம் தீர்ந்துவிட்டது. அவன் இலையின் ஓரத்தையே பார்த்தான்.

"பாயசம்" என்றான்.

"தீந்துபோச்சுப்பா" என்றார்கள்.

"பாயசம். பாயசம்." குரல் ஏறியது. என் மனைவி என் காதருகே குனிந்து, "வீட்ல பூசைக்கு வச்ச பாயசம் இருக்குங்க. ஓடிப்போய் எடுத்துட்டு வந்திரட்டா?" என்றாள். அவள் ஏற்கெனவே செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

"வேண்டாம்" என்றேன்.

"பாயசம்" என்றான் மறுபடியும்.

வரிசையில் எதிரே இருந்த இளவட்டம் வாயில் சோற்றோடு நிமிர்ந்தான். "எனக்கும் இல்லடா" என்றான். அடுத்தவன், "எனக்கும் இல்ல" என்றான். "தலைவருக்கே இல்லலே" என்றார் தலைவர்.

என் மகன் வரிசை முழுக்க ஒவ்வொரு இலையாகப் பார்த்தான். கடைசி இலை வரை பார்த்தான். எதிலும் பாயசம் இல்லை. பிறகு மோரை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தான்.